செம்பருத்தித் தளிரில்

கூடத்து ஜன்னலோரத் தொட்டியில் செம்பருத்தி நாளுக்கு நாள் சுருண்டுகொண்டு வந்தது. தளிரெல்லாம் அசுவினிப் பூச்சி. பிரசவ வார்டு நர்ஸ் கிளாடிஸ், வேப்பெண்ணெய் கரைசல் நிரப்பிய ஸ்பிரேயரோடு வந்து, பூதக்கண்ணாடியை ஒரு தளிரருகே பிடித்தாள். கடுகைவிடச் சிறிய பூச்சி ஒன்று அசையாமல் நின்றது. அதன் வயிற்றிலிருந்து இன்னொன்று, ஒளி ஊடுருவும் பச்சையில், வந்துகொண்டிருந்தது.

"மருந்து அடிச்சிட்டியா?" சமையலறையிலிருந்து கணவர் ஜெபராஜ் கேட்டார்.

"சத்தம் போடாதீங்க. தலை இன்னும் வெளிய வரல."

பிறகு கண்ணாடிக்குள் குனிந்து, "அவ்வளவுதாம்மா, இன்னும் ஒரே ஒரு தடவை முக்கு" என்றாள்.

தலை வந்தது. குட்டி தன் கால்களை ஒவ்வொன்றாகப் பிரித்து இலையில் ஊன்றி நின்றது. பிறந்த நேரம் பார்க்க, கிளாடிஸின் கண் தானாகவே சுவர்க்கடிகாரத்துக்குப் போனது. விரல் ஸ்பிரேயரின் விசைமேலேயே இருந்தது.