நிலைக்காலில் நாலு பெயர்கள்

"கோலைச் சாய்க்காம பிடிங்கம்மா," என்றார் வீட்டை அளவெடுக்க வந்திருந்த நோலன்.

வாசற்படியில் அளவுகோலைப் பிடித்து நின்ற நெல்டா மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள். தெருவில் முக்காலி மேல் இருந்த கருவிக்குள் நோலன் ஒற்றைக் கண்ணால் பார்த்தார், எழுதினார், உதட்டைப் பிதுக்கினார்.

வெள்ளம் வந்தால் நிற்கக்கூடிய மட்டத்துக்கு வீட்டின் தரை ஐந்தடி கீழே இருந்தது.

கால்வாயோரத்தில் இந்த ஆண்டு அரசாங்கச் செலவில் ஆறே ஆறு வீடுகளை ஜாக்கி வைத்துத் தூக்கித் தூண்களின் மேல் உட்காரவைக்கப் போகிறார்கள். கேட்டிருப்பவர்கள் நாற்பது பேர். அந்த ஆறில் தன் வீடும் ஒன்றாக வேண்டும் என்பதைத் தவிர நெல்டாவுக்கு ஒரு மாதமாக வேறு நினைப்பில்லை. அவளுடைய எட்டு வயது மகள் ஜோசி படுத்துத் தூங்குகிற வீடு அது.

துணைக்கு ஒடெட் வந்திருந்தாள், கையில் காப்பியோடு. ஐந்து வருஷத்துக்கு முன் ஆர்கன்சா மலைப்பக்கத்திலிருந்து இந்தக் கடலோர ஊருக்குப் பிழைக்க வந்த நெல்டாவுக்கு, நண்டு உரிக்கும் கொட்டகையில் கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுத்து, தங்கச்சி என்று கூப்பிட்டு, அடுத்த வருஷம் தான் குடியிருந்த இந்த வீட்டையே விற்றவள். விற்ற கையோடு பக்கத்துத் தெருவில் பன்னிரண்டடித் தூண்களின் மேல் புது வீடு கட்டிக்கொண்டாள். முழங்கால் வலியோடு தினமும் இருபது படி ஏறுகிறாயே அக்கா என்றால், மேலே காற்று நன்றாக வருகிறது என்பாள்.

"வீட்டுக்குள்ள முன்னாடி தண்ணி வந்திருக்கா? ஏற்கெனவே முழுகின வீட்டத்தான் முதல்ல தூக்குவோம்," என்றார் நோலன்.

நெல்டா ஒடெட்டைப் பார்த்தாள்.

"நான் பொறந்து வளந்த வீடு தம்பி. இது மேடு. தெருவே முழுகினப்பகூட இங்க ஒருநாளும் கால் நனைஞ்சதில்ல," என்றாள் ஒடெட், காப்பியை ஊதியபடி.

நோலன் 'இல்லை' என்று குறித்துக்கொண்டார். இனி நாற்பதில் நாற்பதாவது இடம்தான். ஆனாலும் அக்கா எதற்காகவும் பொய் சொல்ல மாட்டாள் என்பதில் நெல்டாவுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

உள்ளே தரையை அளக்க வந்தவர் சமையலறை நிலைக்காலருகில் நின்றுவிட்டார்.

அதில் கத்தியால் கீறிய நாலு கோடுகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பெயர், ஒரு வருஷம். தொடையளவு உயரத்தில் கார்மென் 74. அதற்கு மேல் டேனி 85, ஹுவான் 85. எல்லாவற்றுக்கும் மேலே லிலி 02.

வீட்டைக் காட்டிய அன்றே ஒடெட் சொல்லிவிட்டாள். கீழே மூன்றும் அவள் அண்ணன் பிள்ளைகள். அவளுடைய அப்பா நிற்கவைத்துக் கீறியது. ஒரே வருஷத்தில் இரண்டு பேரா என்று நெல்டா கேட்டதற்கு, இரட்டைப் பிள்ளைகள், டேனியின் சோற்றையும் ஹுவானே தின்றுவிடுவான், அதான் அந்த வளர்த்தி என்று சிரித்தாள். லிலி, கார்மெனின் மகள். அவளைப் பற்றி மட்டும் கேட்காதே, எட்டு வயதிலேயே போய்விட்டாள் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் அந்த நிலைக்காலுக்குச் சாயம் பூச நெல்டாவுக்கு மனம் வரவில்லை. ஜோசியின் உயரத்தையும் பக்கத்திலேயே பென்சிலால் குறித்துவந்தாள். லிலியை எட்ட ஜோசிக்கு இன்னும் நாலு விரல் வேண்டும்.

நவம்பர் முதல் தேதி, ஊரே கல்லறைகளுக்கு வெள்ளையடித்து மெழுகுவத்தி ஏற்றும். அன்று நெல்டா லிலிக்காகவும் ஒன்று ஏற்றுவாள், இந்த நிலைக்காலடியில். நாலு வருஷமாக. ஒடெட்டும் பக்கத்தில் வந்து தலையைக் குனிந்து சிலுவை போட்டுக்கொள்வாள்.

நோலன் ஹுவானின் கோட்டில் கட்டைவிரலை வைத்தார்.

"ஹுவான் புயல் அடிச்சப்ப எனக்குப் பத்து வயசு. மூணு நாள் பரண்லயே கெடந்தோம். லிலி அதுக்கும் மேல போயிருக்கே. யாரோ புண்ணியவான், ஒவ்வொரு புயலுக்கும் வீட்டுக்குள்ள தண்ணி நின்ன மட்டத்தக் கீறி வெச்சிருக்காரு. இதவிட என்னம்மா அத்தாட்சி வேணும்? லிஸ்டுல மேல வந்துருவீங்க."

அவர் படம் எடுத்துக்கொண்டார். 'இல்லை'யை அடித்துவிட்டு, 'நாலு முறை' என்று எழுதினார். மிச்சத்தை அளக்கக் கொல்லைப்பக்கம் போனார்.

நெல்டாவின் ஊரிலும் காற்று அடிக்கும், கூரை பறக்கும். அதற்கு யாரும் பெயர் வைப்பதில்லை. இங்கே புயலுக்கு மனுஷப் பெயர் வைப்பார்கள் என்று வந்த பிறகு தெரிந்துகொண்டாள்தான். தெரிந்த பிறகும், செத்துப்போன பிள்ளையை யார் சந்தேகப்படுவார்கள்?

வீடு தப்பிவிட்டது. சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது, முடியவில்லை. லிலியின் கோட்டுக்கு நாலு விரல் கீழே இருந்த பென்சில் குறியைப் பார்த்தாள். கூடப் பிறக்காத குறையாகப் பழகியவள் இப்படிக் கழுத்தறுப்பாள் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

ஒடெட் காப்பிக் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நெல்டாவுக்குக் கேட்க எவ்வளவோ இருந்தது. ஒன்றுதான் வாயில் வந்தது.

"நான் லிலிக்கு மெழுகுவத்தி ஏத்தறப்ப, பக்கத்துல நின்னு நீ என்னக்கா வேண்டிக்கிட்ட?"