நீலக் கட்டு

“வாங்க. இன்னொரு கால் மிச்சம் இருக்கு. அதையும் முடிச்சுக் கொடுத்துட்டுப் போங்க.”

ஆஸ்பத்திரி அறைக் கதவைப் பாதி திறந்த மதில், கையில் பழப்பையோடு அப்படியே நின்றுவிட்டான். கால்பந்து மைதானத்தில் எதிரணிக்காரர்களை மறிப்பதே இத்தனை வருடமாக அவன் பிழைப்பு. அந்தப் பெயர் வந்ததும் அதனால்தான். அப்பேர்ப்பட்டவனை ஒரு பெண் வாசலிலேயே மறித்துவிட்டாள்.

கட்டிலில் கொக்கு படுத்திருந்தான். நீளக் கால்களுக்காக வைத்த பட்டப்பெயர். அதில் இடது கால் இப்போது இரண்டு தலையணைகளின் மேல் இருந்தது. தொடையிலிருந்து கணுக்கால் வரை கம்பி வைத்த உறை, முட்டியின் மேல் ஐஸ் பை. முந்தாநாள்தான் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது.

“உள்ள வாடா,” என்றான் கொக்கு, ஜன்னலைப் பார்த்தபடி.

“எதுக்கு வரணும்?” என்றாள் அவன் மனைவி. “பத்து வருஷம் ஒரே டீம்ல ஒண்ணா ஆடினவர். நம்ம வீட்டுல சாப்பிட்ட கை. வேற டீமுக்குப் போனதும் காலைப் பதம் பார்க்கிறார்.”

முன்பெல்லாம் ‘அண்ணா’ என்று கூப்பிடாமல் அவள் ஒரு வாக்கியம் தொடங்கியதில்லை. இன்று மருந்துக்குக்கூட அந்த வார்த்தை இல்லை. மதிலுக்கு அதுதான் அதிகமாக வலித்தது.

“வேணும்னு பண்ணலை தங்கச்சி. பந்தை எடுக்கத்தான் போனேன். ரெஃப்ரி விசில்கூட ஊதலையே.”

“விசில் ஊதலைன்னா அறுந்த தசைநார் ஒட்டிக்குமா?”

மதில் பழப்பையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டான்.

“இனிமே ஊன்றுகோலோட நடக்கணும். அப்புறம் குழந்தை மாதிரி முட்டியை மடக்கப் பழகணும். ஓடறதுக்கு ஒன்பது மாசம் ஆகும்னு டாக்டர் சொல்றார். முப்பத்தேழு வயசுல நொண்டிக்கிட்டுப் போய் நின்னா எந்த டீம் எடுக்கும்? இந்த சீசனோட நிறுத்திக்கறேன்னு இவரே சொல்லிட்டிருந்தார். ஒரே ஒரு ஆசைதான். கடைசி ஆட்டத்துல எல்லாருக்கும் கையாட்டிட்டு, தன் கால்ல நடந்து வெளிய வரணும்னு. ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டு வந்தாங்க.”

மதில் தலையைக் குனிந்துகொண்டான். அவன் கணுக்காலிலேயே இரண்டு திருகாணி இருக்கிறது. எந்த அடியில் எலும்பு முறியும், எதில் தசைநார் அறுந்துபோகும், எது வெறும் சிராய்ப்போடு போகும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. அன்று அவன் கால் பட்டது சிராய்ப்புக் கணக்கில்கூட வராது. அதற்குப் போய் எப்படி அறுந்தது என்று யோசித்து யோசித்து அவனுக்குத் தூக்கம் போனதுதான் மிச்சம். அதைச் சொன்னால் சாக்குச் சொல்வதுபோல் இருக்கும் என்று விழுங்கிக்கொண்டான்.

“உங்க கோச் சொல்லித்தானே பண்ணீங்க? இவரைக் காலி பண்ணச் சொன்னாரா இல்லையா?”

“சொன்னார். இல்லைன்னு சொல்ல மாட்டேன்.”

“கேட்டீங்களா?” என்று கணவனிடம் திரும்பினாள்.

“விடு, போதும்,” என்றான் கொக்கு. தலையணையைச் சரிசெய்வதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மதிலுக்குப் பொறுக்கவில்லை. “முழுசாக் கேளு தங்கச்சி. ‘இந்த சீசன் பூரா அவன் வலது முட்டியில நீலக் கட்டோட ஆடறான், அதுதான் பழுது, அங்க ரெண்டு தட்டு தட்டினா தானா வெளிய போயிடுவான்’னு கோச் சொன்னார். மத்த டீம்காரங்களும் அதைத்தான் பண்றாங்க. எனக்கு மனசு வரலை. ஆட்டம் பூரா அந்தக் கட்டுப் பக்கமே நான் போகலை. கடைசியில பந்தோட நேரா என் மேல வந்தான். வலது காலைத் தட்டறதுதான் எனக்கு வாகா இருந்துச்சு. அது தாங்காதேன்னு, விழுந்தடிச்சு உடம்பைத் திருப்பி இடது பக்கம் போனேன். நல்ல கால்தானே, லேசா பட்டா ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன். என் போறாத காலம்.”

அவள் அவனையே பார்த்தபடி நின்றாள். பிறகு மெதுவாக வந்து அவன் கையிலிருந்த பழப்பையை வாங்கி மேசையில் வைத்தாள். சுவரோரம் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“உக்காருங்கண்ணா,” என்றாள். “பழம் கழுவிட்டு வரேன்.”

பழப்பையை எடுக்காமலே குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. இன்னும் நாலு வார்த்தை வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக வந்திருந்த மதிலுக்கு ஒன்றும் புரியவில்லை.

“என்னடா ஆச்சு? நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?”

கொக்கு போர்வையை விலக்கினான். வலது காலை மடக்கினான், நீட்டினான், மறுபடி மடக்கினான். எண்ணெய் போட்ட கீல்போல அது சத்தமில்லாமல் அசைந்தது.

“இதுக்கு எந்தக் காலத்துலயும் ஒண்ணும் இல்லைடா. ஒரு வருஷமா பழுது இடது முட்டியிலதான். கட்டு போட்ட காலைத்தானே எல்லாரும் அடிப்பாங்க, அதனால கட்டை நல்ல கால்ல போட்டுக்கிட்டு ஆடினேன்,” என்றவன், குளியலறைக் கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டான். “யோசனை அவளோடது.”