கருகின எண்ணெய்

“சீ! நம்மகிட்ட இந்தக் கருகின எண்ணெயை வாங்கிட்டுப் போறானே, இதுலயே பொரிச்சு யார் வயித்துலயோ கொட்டுறான் போல. பாவிப்பய!” என்றாள் ஹோட்டல்காரரின் மனைவி.

ஹோட்டல்காரருக்கும் அதே சந்தேகம். அன்று எண்ணெய் டின்களை ஏற்றிச் சென்ற வேனின் பின்னாலேயே ஸ்கூட்டரில் போனார்.

வேன் ஒரு கொட்டகையில் நின்றது. உள்ளே அடுப்பும் இல்லை, வாணலியும் இல்லை. பீப்பாய்களும் குழாய்களும்தான் இருந்தன.

“வாங்கண்ணே! இங்க பயோடீசல் செய்யறோம். இந்த வேனே இதுலதான் ஓடுது. அந்தக் காலத்துலயே டீசல் என்ஜினைக் கடலை எண்ணெய்ல ஓட்டிக் காட்டியிருக்காங்களே!” என்றான் எண்ணெய் வாங்குபவன்.

ஹோட்டல்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “உன்னைத் தப்பா நினைச்சுட்டோம்ப்பா.”

“பரவால்லண்ணே. ஆனா உங்க எண்ணெய் இனிமே வேண்டாம்.” அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு டின்னைத் தள்ளி வைத்தான். “ரொம்பக் கெட்டுப்போயிருக்கு. டீசலா மாறாம சோப்பா உறைஞ்சு போகுது. வேனுக்கே ஆகல. எதுக்குண்ணே இதை இவ்வளவு தடவை காய்ச்சினீங்க?”

பதில் சொல்வதற்குள் அவருடைய போன் அடித்தது.

“ஏங்க, கடையில கூட்டம் அள்ளுது. போன வாரத்து எண்ணெய் இன்னும் நாலு நாள் தாங்கும். அதுலயே போட்டுடறேன்!”