குறை கேட்க வந்தவள்

நடவு வயலின் தண்ணீரில் வெயில் பட்டுக் கண்ணைக் கூசுகிறது. "இந்த வருஷம் ஒலகத்துக்கே பொம்பளைங்க வருஷமாம். ஒங்க கொறயக் கேக்க சீமையிலேருந்து வந்திருக்காங்க, சொல்லு" என்கிறான் பண்ணையார் மகன். வெள்ளைக்காரி வரப்பில் உட்கார்ந்து, டேப் ரிக்கார்டரைச் சேறு படாமல் மடியில் வைத்திருக்கிறாள். கண்ணாத்தாள் கையில் நாற்றுமுடியோடு நிமிர்கிறாள். சேற்றுப்புண் எரிகிறது. "ஆம்பளைக்கு அளக்குற நெல்ல எங்களுக்கும் அளக்கச் சொல்லுங்கம்மா. கேட்ட குத்தத்துக்கு எம் மவளக் கட்டிவச்சு அடிச்சாங்க, இவுங்க களத்துலதான்." குரல் ஒப்பாரி போல ஏறி இறங்குகிறது. பண்ணையார் மகன் சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் ஏதோ சொல்கிறான். வெள்ளைக்காரியின் முகம் மலர்கிறது. கண்ணை மூடித் தலையை ஆட்டித் தொடையில் தட்டுகிறாள். கண்ணாத்தாளுக்கு இங்கிலீஷ் தெரியாது. தாளம் தெரியும்.