வேனுக்குப் புது ஆம்ப்ளிஃபயர்

1985-இல் ஆரணியில் படுக்கை, அடுப்பு, ஸ்டீரியோ எல்லாம் வைத்துக் கட்டிய வேன் பட்டு வியாபாரி பச்சையப்பனிடம் மட்டும்தான் இருந்தது. குடும்பத்தோடு திருப்பதிக்குக் கிளம்பிய காலையில் ஆம்ப்ளிஃபயர் புகைந்துவிட்டது. வழியில் இருந்த ரேடியோ கடைமுன் வேனை நிறுத்தினார்.

கடையில் இருந்த பாஞ்சாலை விவரம் கேட்டுக்கொண்டு, உள்ளே போய்த் தன் கணவன் தருமனை அழைத்து வந்தாள். தருமன் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினார். பாட்டு வந்தது. தாளத்தின் கனத்த அடிச் சத்தம் மட்டும் எழும்பவில்லை.

“இன்னாய்யா, தகர டப்பா மாதிரி கத்துது! மெட்ராஸ்காரன் மாட்டின ஸ்பீக்கர்யா இது. உன்னை எவன் மெக்கானிக்னு சொன்னான்?”

தருமன் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள்மேலும் உள்ளங்கைகளை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

“ஜல்தியா முடிடான்னா பூஜை பண்ணிகினு இருக்கான்! கூப்பிட்டா எருமை மாடுகூடத் திரும்பிப் பார்க்கும்!”

தருமன் கண்ணைத் திறந்து, ஒரு ஸ்பீக்கரின் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றிக் கொடுத்தார். வேனின் தரையே அதிர்ந்தது.

“ஒரு பெட்டிக்கு மட்டும் ஒயரைத் தலைகீழா குடுத்திருக்காங்க. அதான் சத்தம் அமுங்கிப்போச்சு” என்றாள் பாஞ்சாலை. “மெட்ராஸ்ல மாட்டின நாள்லேருந்து இப்படித்தாங்க இருந்திருக்கும்.”

பச்சையப்பனுக்கு முகம் சுருங்கியது. “அதை உன் புருஷன் வாயைத் தொறந்து சொல்ல மாட்டானா? இத்தனை கேட்டேனே, திமிரா?”

“அவருக்குப் பொறந்ததுலேருந்தே காது கேக்காதுங்க” என்றாள் பாஞ்சாலை. “நீங்க திட்டினதெல்லாம் நான்தான் கேட்டுகினு இருந்தேன்.”