சுற்றிப் போட்ட எலுமிச்சை

“உமா, ஒரு தட்டுல உப்பு, மிளகாய்த்தூள், பட்டைப்பொடி எடுத்து வை. நாலு எலுமிச்சம்பழம் வெட்டி வை. ஆப்பிள் ஜூஸும் வேணும். கிறிஸ்துமஸுக்கு எங்க மேனேஜர் கார்லோஸைக் கூட்டிட்டு வர்றேன்” என்று போனில் சொன்னான் விஜயபாஸ்கர்.

உமாராணிக்குக் குழப்பம். துபாயில் அந்த வருஷம் தினமும் யாருக்காவது வேலை போய்க்கொண்டிருந்தது. “கண்ணு பட்டிருக்குங்க, சுத்திப் போடலாம்” என்று அவள் சொன்னபோதெல்லாம் கிண்டல் செய்தவன் அவன். இப்போது பயம் வந்துவிட்டது போல. சரி, பட்டை எதுக்கு? ஆப்பிள் ஜூஸ் எதுக்கு? மிளகாய்த்தூளுக்குப் பதிலாக வத்தலையே வைத்தாள்.

தேரா பகுதியில் இருந்த தங்கள் ஃபிளாட்டின் கதவைத் திறந்ததும், “ரெண்டு பேரும் அங்கேயே நில்லுங்க” என்றாள். தட்டை மூன்று முறை சுற்றி, பாத்ரூமில் கொட்டித் தண்ணீர் விட்டாள்.

விஜயபாஸ்கர் பையிலிருந்த பாட்டிலைக் காட்டினான். “அடியே, அது டக்கீலாவுல கலக்குறதுக்குடி! உப்பு, கிளாஸ் விளிம்புல தடவ. இவரு மெக்சிகோக்காரரு, அவங்க ஊரு சரக்கு. என் வேலையே இவரு கையிலதான் இருக்கு. நீ என்னடான்னா...”

“என்ன செஞ்சாங்க?” என்று இங்கிலீஷில் கேட்டார் கார்லோஸ்.

விஜயபாஸ்கர் வியர்க்க வியர்க்க விளக்கினான்.

கார்லோஸ் சிரிக்கவில்லை. “எங்கம்மா முட்டையை வெச்சு இப்படித்தான் செய்வாங்க. உப்பு இன்னும் இருக்கா? எனக்கு மட்டும் இன்னொரு தடவை சுத்தச் சொல்லு. காலையில என்னை வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க.”