சந்தேகத்தின் பலன்

“எதிரி வந்தாச்சா?”

டவாலி கூப்பிட்டதும் கையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நான்தான் எதிரி. கோர்ட்டில் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு அதுதான் பெயர். முதல் வாய்தாவில் இது தெரியாமல், யாரோ யாருக்கோ எதிரி என்று நானும் கூட்டத்தோடு கழுத்தை நீட்டித் தேடிக்கொண்டிருந்தேன்.

அன்று தீர்ப்பு நாள்.

நான் பெயின்டர். ஒரு வீட்டில் படுக்கையறைக்குப் பெயின்ட் அடிக்க பீரோவை நகர்த்தினேன். பூட்டாத பீரோ. மறுநாள் அதற்குள் இருந்த கல் வைத்த மோதிரத்தைக் காணவில்லை. அறைக்குள் போனது நான் ஒருவன்தான் என்று வீட்டுக்காரர் போலீசில் எழுதிக் கொடுத்தார்.

போனது உண்மை. எடுக்கவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கத்தான் வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது.

அந்த ஒரு மோதிரத்துக்காக என் மனைவியின் இரண்டு வளையல்களும் காணாமல் போயின. அவை போன இடத்தைப் பற்றி மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை. வக்கீல் பீஸ்.

என்னைக் கண்டால் மச்சான் பர்ஸைப் பின் பாக்கெட்டிலிருந்து முன் பாக்கெட்டுக்கு மாற்றிக்கொள்வார். நான் கண்டுகொள்வதில்லை. மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கூண்டில் ஏறியதும் முழங்கால் இரண்டும் ஆடின. அந்தப் பழமொழியை அவை கேள்விப்பட்டதே இல்லை போலிருக்கிறது.

தீர்ப்பைக் கம்பீரமாகக் கேட்க வேண்டும் என்று காலையில் கண்ணாடி முன் நின்று பழகியிருந்தேன். தலை சற்றே நிமிர்ந்து, கோபமில்லாத ஒரு வருத்தம் கண்ணில். நீதிபதி அம்மா காகிதத்தைக் கையில் எடுத்ததும் அந்த முகம் எங்கே போனதோ தெரியவில்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன் என்று பிற்பாடு வக்கீல் சொன்னார்.

ஃபேன் சத்தத்தில் முக்கால்வாசி காதில் விழவில்லை. “சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து” என்பது மட்டும் விழுந்தது. பலன் என்றதும் எதையோ தரப்போகிறார்கள் என்று கையை நீட்டாத குறை. வக்கீல் சைகை காட்டினார். பயபக்தியோடு கும்பிட்டேன்.

நான் கும்பிட்டது டைப்பிஸ்டை.

“விடுதலைய்யா!” என்று வெளியே வந்ததும் வக்கீல் முதுகில் தட்டினார்.

“நான் எடுக்கலைன்னு சொல்லிட்டாங்களா சார்?”

“நீங்க எடுத்தீங்கன்னு நிரூபிக்கலைன்னு சொல்லிட்டாங்க. எல்லாம் ஒண்ணுதான், போங்க.”

இரண்டும் ஒன்றல்ல. கேட்டுப் புரிந்துகொள்வதற்குள் அவர் அடுத்த கேஸுக்குப் போய்விட்டார்.

போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். கோர்ட்டுக்குச் சந்தேகம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். என் மனைவிக்கு இல்லையே.

தையல் கம்பெனியில் லீவு போட்டு, ஒரு வாய்தா விடாமல் கூடவே வந்தவள் அவள். சாட்சிக் கூண்டில் ஏறி, சத்தியம் செய்து, “என் வீட்டுக்காரர் அடுத்தவங்க பொருளை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்” என்று சொன்னவள். அரசு வக்கீல் குறுக்கும் நெடுக்குமாகக் கேட்டுப் பார்த்தார். அவள் இமைகூட அசையவில்லை. நீதிபதியே பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

அதன்பிறகு தெருவில் நெஞ்சைக் கொஞ்சம் முன்னால் தள்ளியே நடந்தேன். ஒருத்தி இவ்வளவு நம்புகிறாள் என்றால் நான் எத்தனை பெரிய யோக்கியனாக இருக்க வேண்டும்!

வராந்தாக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. உண்மை ஜெயித்துவிட்டது என்கிற மாதிரி ஏதாவது சொல்லலாமென்று தொண்டையைச் செருமினேன்.

அதற்குள் முழங்கையைப் பிடித்து மாடிப்படிக்குக் கீழே இழுத்துப் போனாள். இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள்.

“இப்பவாவது சொல்லுங்க. எங்க வச்சிருக்கீங்க?”

வண்டிச் சாவியைக் கேட்கிறாள் என்று சட்டைப் பையைத் தடவினேன்.

“அதில்லைங்க, மோதிரம்.” குரல் இன்னும் இறங்கியது. “வக்கீல் சார்கிட்ட நேத்தே கேட்டுட்டேன். கோர்ட்டே விட்டுட்டா அவ்வளவு லேசா மறுபடி பிடிக்க முடியாதாம்.”

பையிலிருந்து கையை எடுத்தேன்.

“அப்ப கூண்டுல ஏறிச் சத்தியம் பண்ணினியே?”

“பின்ன? உங்களை உள்ள போக விட்டுருவேனா?”

அடுப்பில் பால் பொங்கினால் இறக்கி வைக்க மாட்டேனா என்பதுபோல்தான் சொன்னாள். இத்தனை வாய்தாவுக்கும் சம்பளத்தை விட்டுவிட்டு, கால் கடுக்க அந்த வராந்தாவில் அவள் நின்றது ஒரு திருடனுக்காக. வளையல்களைக் கழற்றிக் கொடுத்ததும் அந்தத் திருடனுக்காகத்தான்.

நான் எடுக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தில் அவ்வளவு ஆவல்.

ஒரு மோதிரத்தை எடுக்கக்கூடத் துப்பில்லாதவனாகிப் போனேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.